கலிஃபோர்னியாவின் கன்சர்வேட்டர்ஷிப் சேவை: மூன்றாண்டு அனுபவத்திலிருந்து ஒரு மதிப்புரை

உணவகத்தையும் கடையையும் மதிப்பிட்டு எழுதுவதைப் போல, அரசாங்கம் நடத்தும் ஒரு சட்ட ஏற்பாட்டையும் மதிப்பிட்டு எழுதுவது முறைதானா என்று பல மாதங்கள் தயங்கினேன். எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் தொலைபேசி அழைப்புகள். என் தம்பிக்குக் கன்சர்வேட்டர், அதாவது அவனுக்காக முடிவெடுக்கும் சட்டப் பொறுப்பாளர், நியமிக்கப்பட்ட செய்தி எங்கள் பகுதித் தமிழர்களிடையே மெல்லப் பரவிய பிறகு, இதுவரை ஐந்து குடும்பத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். ஐவரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். ஐவர் வீட்டிலும் மனச்சிதைவு நோய் கண்ட பிள்ளை ஒருவர் இருந்தார். அந்தப் பிள்ளைகளில் இருவர் அப்போது தெருவில் இருந்தார்கள். எங்களுக்குத் தேவைப்பட்ட நாளில் இதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை. ஆகவே, இந்தச் சேவையைப் பயன்படுத்திய ஒரு குடும்பத்தின் இடத்தில் நின்று, இதில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை எழுதுகிறேன். தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் கவுண்டியையும் (மாவட்டம்) குறிப்பிட வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கன்சர்வேட்டர்ஷிப் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ். 2008 முதல் 2021 வரை அவர்மீது இருந்தது புரோபேட் சட்டத்தின் கீழ் வரும் வேறொரு வகை. பெரும்பாலும் முதுமையாலோ மறதி நோயாலோ தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்களுக்குப் பயன்படுவது. தீவிர மனநோயால் தெருவுக்கு வந்துவிட்டவர்களுக்கு உரியது எல்.பி.எஸ். கன்சர்வேட்டர்ஷிப். லான்டர்மன், பெட்ரிஸ், ஷார்ட் என்ற மூன்று சட்டமன்ற உறுப்பினர்களின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டத்தில் 1967-இல் ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்டார். மனநோயின் காரணமாக உணவு, உடை, உறைவிடம் என்ற அடிப்படைத் தேவைகளைத் தானே தேடிக்கொள்ள முடியாத நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று நீதிமன்றம் தீர்மானித்தால், அவர் எங்கே தங்க வேண்டும், எந்த மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அவருடைய உதவித்தொகை எப்படிச் செலவாக வேண்டும் என்பவற்றை முடிவுசெய்யும் பொறுப்பை இன்னொருவரிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கிறது. அந்த இன்னொருவர் தாயாகவோ உடன்பிறந்தவராகவோ இருக்கலாம்; இல்லையென்றால் கவுண்டியின் பப்ளிக் கார்டியன் அலுவலகம் பொறுப்பேற்கும். ஓராண்டு முடிந்ததும் ஏற்பாடு தானாகவே முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமானால் மருத்துவர் அல்லது உளவியலாளர் இருவரின் கருத்தோடு மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். திருச்சியிலிருந்து நாங்கள் இங்கே வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நோய் தலைகாட்டியது. அம்மா சமைத்ததைச் சாப்பிட மறுத்தான். தன் கையால் உறையைக் கிழித்து எடுக்கிற பண்டத்தை மட்டுமே உண்பேன் என்றான். ஒருநாள் இரவு ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டு, வீட்டில் எல்லாரையும் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லி அழுதான். தனக்கு நோய் இருக்கிறது என்பதையே அறிய முடியாமல் போவது இந்த நோயின் ஒரு கூறு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை பிடிவாதம் என்றே எண்ணி அவனோடு வாதாடிக்கொண்டிருந்தோம். இருபத்தேழு வயதில் வீட்டைவிட்டுப் போனான். முதலில் காரில் இருந்தான். காரை இழுத்துச் சென்ற பிறகு, நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் ஓடைக் கரையோரமாக ஒரு கூடாரத்தில் இருந்தான். சனிக்கிழமைதோறும் உறை பிரிக்காத ரொட்டியும் தண்ணீர் பாட்டில்களும் கொண்டுபோய்ப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு வருவோம். அருகில் போனால் எழுந்து ஓடிவிடுவான்.

இந்தச் சேவையின் முதல் குறை அதன் வாசலிலேயே இருக்கிறது. குடும்பத்தார் நேராகப் போய் இதைக் கேட்க முடியாது. மருத்துவமனையில் சிகிச்சை தரும் பொறுப்பிலுள்ள மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். அதன் பேரில் கவுண்டியின் விசாரணை அலுவலர் ஆராய்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆகவே எல்லாமே ஃபிஃப்டி-ஒன் ஃபிஃப்டியில்தான் தொடங்குகிறது. 5150 என்ற சட்டப் பிரிவின்படி காவலரோ உரிமை பெற்ற மனநலப் பணியாளரோ ஒருவரை 72 மணி நேரத்துக்கு மருத்துவமனையில் நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் 5250-இன் கீழ் 14 நாள். அதற்கும் மேல் போக வேண்டுமென்றால்தான் டி-கான் என்று இங்கே எல்லாரும் சொல்லும் தற்காலிகக் கன்சர்வேட்டர்ஷிப்பும், பிறகு ஓராண்டு ஏற்பாடும் வருகின்றன.

மூன்று ஆண்டுகளில் தம்பியை நான்கு முறை 5150-இல் கொண்டுபோனார்கள். முதல் மூன்று முறையும் சில நாள்களில் வெளியே விட்டுவிட்டார்கள். மூன்றாம் முறை விசாரணையில் அவன் மிகத் தெளிவாகப் பேசினான். தங்குவதற்குக் கூடாரம் இருக்கிறது, பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் மிச்சம் போடும் உணவு தினமும் கிடைக்கிறது என்றான். தனக்கென ஒரு வழி வைத்திருப்பவரை உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழியற்றவர் என்று சொல்ல முடியாது என்று முடிவாயிற்று. அப்போது அவனுடைய இடது பாதத்தில் சீழ் பிடித்த புண் இருந்தது. கட்டுப் போட மறுத்துக்கொண்டிருந்தான். அன்றைய சட்டத்தில் உணவு, உடை, உறைவிடம் என்ற மூன்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லாததால், அந்தப் புண் கணக்கில் வரவே இல்லை. நகரப் பேருந்துக்கான ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

நான்காம் முறை நிலைமை மாறியதற்கு இரண்டு காரணங்கள். மனநலத்துக்காக இயங்கும் நாமி என்ற தன்னார்வ அமைப்பு குடும்பத்தாருக்கு எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு வகுப்பை இலவசமாக நடத்துகிறது. அங்கேதான் ஏ.பி. 1424 என்ற படிவத்தைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். நோயாளியின் அனுமதி இல்லாமல் மருத்துவர் நம்மிடம் எதுவும் சொல்ல முடியாவிட்டாலும், நாம் எழுதித் தரும் நோய் வரலாற்றை அவர் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது சட்டம். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த மருந்து எத்தனை நாள் வேலை செய்தது, எப்போது நிறுத்தினான், நிறுத்திய எத்தனையாம் நாளில் மறுபடியும் சாப்பாட்டை வெறுத்தான் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். இரண்டாவது காரணம், அந்த இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து படித்த ஓர் இளம் மருத்துவர். படித்து முடித்துவிட்டு, "இவருக்கு நான் பரிந்துரை எழுதுகிறேன்" என்று மட்டும் சொன்னார். இந்தச் சேவை நல்ல மனிதர் ஒருவர் கையில் சிக்கினால் நகர்கிறது, இல்லாவிட்டால் நின்றுவிடுகிறது என்று அன்றே தெரிந்தது.

அதற்கடுத்து வந்ததுதான் எங்கள் குடும்பத்தை உலுக்கிய கட்டம். உறவினரோ நண்பரோ உணவும் உறைவிடமும் தந்து பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால், அந்த உதவியோடு பாதுகாப்பாக வாழக்கூடியவரைக் கன்சர்வேட்டர்ஷிப்பில் வைக்க முடியாது. காரணமின்றி யாரையும் அடைத்துவைக்கக் கூடாது என்ற நியாயத்தில் பிறந்த விதி அது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடைமுறையில் அது குடும்பத்தை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பாருங்கள். விசாரணை அலுவலர் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, "மகனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றால் வழக்கு விழுந்துவிடும். அவன் மறுநாளே பாலத்தடிக்குப் போய்விடுவான். முடியாது என்றால் அதை எழுத்தில் தர வேண்டும். பிள்ளை வந்தால் வாசலில் நிறுத்திவைத்துப் பேசத் தெரியாத என் அம்மாவை உட்காரவைத்து, 'என் மகனுக்கு என் வீட்டில் இடமளிக்க இயலாது' என்ற ஆங்கில வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போடச் சொன்னவள் நான்தான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் கையெழுத்திட்டார். ஆங்கிலத்தில் போட்டால் அதுதான் தன் கையெழுத்து என்று ஆகிவிடும் என்று பிற்பாடு சொன்னார்.

நீதிமன்ற விசாரணையைப் பற்றி நல்ல விதமாகவே சொல்ல வேண்டும். மாநில உச்ச நீதிமன்றம் 1979-இல் அளித்த தீர்ப்பின்படி, இந்த வழக்குகளில் குற்ற வழக்கைப் போலவே ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தாக வேண்டும். கேட்டால் ஜூரி விசாரணையும் உண்டு, ஜூரியின் முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். தம்பிக்கு அரசு செலவில் வழக்கறிஞர் இருந்தார். அவர் வேலை தம்பி விரும்பியதை வாதாடுவது; தம்பி விரும்பியது வெளியே போவது. அன்று அவர்மீது எனக்கு அடக்க முடியாத கோபம். இப்போது நினைத்தால் அந்த அறையில் தம்பியை ஒரு நோயாகப் பார்க்காமல் தன் கட்சிக்காரராகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று தெரிகிறது. திரையில் தோன்றிய மொழிபெயர்ப்பாளர் வழியாக அம்மாவிடம் அவர் கேட்டார்: இன்றிரவு உங்கள் மகன் வந்து கதவைத் தட்டினால் திறப்பீர்களா? அம்மா யோசிக்கவே இல்லை. "திறப்பேன் சார். மூணு வருஷமா தாழ்ப்பா போடாமத்தான் படுக்கறேன். அவன்தான் வர மாட்டேங்கறான்." மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும்வரை தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி ஓராண்டுக்கு ஆணையிட்டார். மருந்துக்குச் சம்மதம் தரும் அதிகாரமும் கன்சர்வேட்டருக்கு வழங்கப்பட்டது. வெளியே அழைத்துப்போகும்போது தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, நீயுமா?" என்றான். 

கன்சர்வேட்டராக நானே இருக்கலாமா என்று கேட்டபோது நாமி வகுப்பு ஆசிரியர், அக்காவாக இருக்க வேண்டுமா, அதிகாரியாக இருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். பப்ளிக் கார்டியனிடமே விட்டோம். இந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். உங்களில் யாருக்காவது இந்த நிலை வந்தால், கோபத்தைத் தாங்கிக்கொள்ள வேறொருவர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை எண்ணிப் பாருங்கள். 

ஆணை கிடைத்துவிட்டால் சிகிச்சையும் கிடைத்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். படுக்கை இல்லை. நீண்டகாலச் சிகிச்சைக்கான பூட்டிய மையத்தில் இடம் கிடைக்கும்வரை, அவசரச் சிகிச்சை வார்டிலேயே ஐந்து மாதங்கள் அவன் காத்திருந்தான். ஜன்னலைத் திறக்க முடியாத, நடப்பதற்கு நாற்பதடி தாழ்வாரம் மட்டுமே உள்ள இடம் அது. எங்களுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று அப்போது நினைத்தேன். மாநிலத் தணிக்கையாளர் 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, ஷாஸ்டா ஆகிய மூன்று கவுண்டிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையைப் பிறகு படித்தேன். கன்சர்வேட்டர்ஷிப்பில் உள்ளவர்கள் மாநில மருத்துவமனையில் இடம் கிடைக்கச் சராசரியாக ஓராண்டு காத்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. சட்டத்தின் வரையறை போதுமானதாகவே இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய தொடர் சிகிச்சைதான் இல்லை என்பது அதன் சாரம். 

இந்தப் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நான் சில ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்த இடத்திலேயே அதன் வேர் இருந்தது. சாண்டா கிளாராவில் இன்று ஆரக்கிள் வளாகமாக இருக்கும் இடம், அதற்கு முன் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வளாகம். அதற்கும் முன் ஆக்னியூஸ் மனநல மருத்துவமனை. 1906 நிலநடுக்கத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இடிபாடுகளில் இறந்தார்கள். மணிக்கூண்டு உள்ள அந்தப் பழைய கட்டடத்தைத் தாண்டித் தமிழ்ப் பொறியாளர்கள் எத்தனையோ பேர் தினமும் நடந்திருக்கிறோம். 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 37,000 பேர் இருந்தார்கள். அவற்றில் பல கொடுமையான இடங்கள். காலவரையறையின்றி ஆட்களை அடைத்துவைத்தன. அவற்றைக் குறைத்தது தவறில்லை. ஊருக்கு ஊர் சிறு சிகிச்சை மையங்கள் வரும் என்று தந்த வாக்குறுதிதான் நிறைவேறவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு திட்டம் 1965-இல் தொடங்கியபோதே பிறந்த ஒரு விதியின்படி, இன்று பதினாறு படுக்கைகளுக்கு மேல் உள்ள மனநல மையங்களில் தங்கும் 21 முதல் 64 வயது வரையிலானவர்களின் செலவை, சில விலக்குகள் தவிர, மத்திய அரசு ஏற்பதில்லை. எஞ்சியுள்ள மாநில மருத்துவமனைகளில் பெரும்பாலான படுக்கைகள் குற்றவியல் நீதிமன்றம் அனுப்புகிறவர்களுக்குப் போய்விடுகின்றன. ஆக, குற்றம் எதுவும் செய்யாத என் தம்பி வரிசையில் கடைசி ஆள்.

ஆறாம் மாதம், மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பூட்டிய மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைத்தது. பூட்டிய மையம் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சங்கிலி போடுவாங்களா?" ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியே 28 பேர் தீயில் கருகியதைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை அவருடையது. சங்கிலி இல்லை. ஆனால் கதவுகள் இரண்டு. முதல் கதவு மூடினால்தான் இரண்டாம் கதவு திறக்கும். இடுப்புவார், காலணிக் கயிறு, சாவி எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மா ஒவ்வொரு முறையும் ஃபிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவருவார். உலோகப் பாத்திரம் உள்ளே போகக் கூடாது என்பதால், காவலரின் கண்ணெதிரே காகிதக் கோப்பையில் ஊற்றி எடுத்துப் போவோம். முதல் நான்கு மாதமும் அந்தக் கோப்பை தொடப்படாமல் ஆறிப்போனது. மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டே கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றான். அம்மா எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாய் அருகே திரும்பி நின்றுகொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கையால் சமைத்ததை அவன் உண்டது அன்றுதான்.

பப்ளிக் கார்டியன் அலுவலகத்தின் சேவை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மூன்றாண்டில் மூன்று அலுவலர்கள் மாறினார்கள். முதலாமவரைத் தொலைபேசியில் பிடிக்க எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. அவர் மேசையில் எத்தனை பேருடைய கோப்புகள் இருந்தன என்பதை அறிந்த பிறகு அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. இரண்டாமவர் வேறு மாதிரி. முதல் சந்திப்பிலேயே, நோய்க்கு முன்னால் இவருக்கு எது பிடிக்கும் என்று எங்களைக் கேட்டார். மிதிவண்டி பழுதுபார்ப்பான் என்றேன். தம்பியின் கணக்கில் சேர்ந்திருந்த பணத்திலிருந்து ஒரு ஸ்பேனர் தொகுதி வாங்க அனுமதி எழுதி, பூட்டிய மையத்தில் அதை வைத்திருக்க இயலாது என்பதால், வெளியே வரும் நாளுக்காகத் தம் அலுவலக அலமாரியிலேயே வைத்திருந்தார். தம்பியிடம் அந்தச் செய்தியை அவரே சொன்னார். வெளியே வரும் நாள் என்று ஒன்று இருக்கிறது என்பதை அவன் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 

பணத்தைப் பொறுத்தவரை, எங்கள் கைச்செலவு பெட்ரோலோடு நின்றது. வழக்கறிஞரும் நீதிமன்றமும் மருத்துவமனையும் எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. ஆனால் மையத்திலிருந்து வெளியே வந்தவன் போய்ச் சேர்ந்த போர்டு அண்ட் கேர் விடுதியின் கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஆறு பேர் தங்கும் சாதாரண வீடு அது. தங்குமிடம், மூன்று வேளை உணவு, வேளைக்கு மருந்து எடுத்துக்கொடுத்தல் எல்லாம் சேர்த்து, குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையாக அப்போது வந்த ஏறத்தாழ 1,500 டாலரில், அவன் கைச்செலவுக்கான இருநூறுக்கும் குறைந்த தொகை போக மீதிதான் விடுதிக்கு. நாளுக்கு 45 டாலர் தேறவில்லை. இந்த மாநிலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு மோட்டல் அறை கிடைக்காது. சட்டம், நீதிபதி, ஜூரி, இரண்டு மருத்துவர் என்று இவ்வளவு கவனமாகக் கட்டிய ஏற்பாடு முழுவதும் கடைசியில் வந்து சாய்வது இந்த 45 டாலர்மீதுதான்.

எங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு வாசல் கொஞ்சம் அகன்றிருக்கிறது. மாநிலச் செனட் உறுப்பினர் சூசன் எக்மன் கொண்டுவந்து 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட எஸ்.பி. 43 சட்டம், தன் பாதுகாப்பையும் அவசியமான மருத்துவத்தையும் பார்த்துக்கொள்ள இயலாமையையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. தீவிரப் போதைப் பழக்க நோயையும் சேர்த்தது. 2026 ஜனவரி 1 வரை தள்ளிவைக்கக் கவுண்டிகளுக்கு இடம் தரப்பட்டது, பெரும்பாலானவை தள்ளிவைத்தன. தம்பியின் பாதத்துப் புண் இன்றைய சட்டத்தில் கணக்கில் வரும். கன்சர்வேட்டர்ஷிப்புக்கு முந்தைய கட்டமாக 2023 அக்டோபரில் சில கவுண்டிகளில் தொடங்கி 2024 டிசம்பருக்குள் மாநிலம் முழுவதும் வந்த, சிகிச்சைத் திட்டம் வகுக்கும் கேர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே குடும்பத்தாரே நேராக மனுச் செய்யலாம். அதனாலேயே என்னை அழைத்தவர்களிடம் முதலில் அதைச் சொல்கிறேன். ஆனால் அங்கே மருந்தைக் கட்டாயப்படுத்த முடியாது. ஓரளவேனும் உட்கார்ந்து பேச வைக்கக்கூடியவருக்கு அது போதும். பத்தடிக்குள் போனால் ஓடிவிடுகிறவருக்குப் போதாது. 2024 மார்ச்சில் வாக்காளர்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்ட முதலாம் முன்மொழிவு, சிகிச்சைப் படுக்கைகளுக்கும் வீடுகளுக்குமாக 638 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வழிசெய்தது. வாசலை அகலப்படுத்திவிட்டு உள்ளே அறை கட்டாமல் போனால், ஐந்து மாதம் காத்திருந்தவர்கள் பத்து மாதம் காத்திருப்பார்கள் என்பதால், எஸ்.பி. 43-ஐவிட இந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்பதையே நான் கவனித்துவருகிறேன்.

இந்தச் சேவையை எல்லா வீடற்றவர்களுக்குமான மருந்தாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2024 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் 1,80,000-க்கும் மேற்பட்டோர் வீடின்றி இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இல்லாததைக் காண்பதோ கேட்பதோ உண்டு என்று சொன்னவர்கள் சுமார் 12 விழுக்காட்டினர். மற்றவர்களில் பெரும்பாலோரைத் தெருவுக்குத் தள்ளியது வாடகை. அவர்களுக்குத் தேவை சாவி, நீதிபதி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் இந்தச் சட்ட விரிவாக்கத்தை எதிர்ப்பதில் உள்ள அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. தம்பி இன்று நலமாக இருக்கிறான். இருந்தும் வார்டிலும் பூட்டிய மையத்திலும் கழித்த அந்தப் பதினாறு மாதங்களைச் சிறை என்றே சொல்கிறான். "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலக்கா. ஆனா எனக்கு அது ஜெயில்தான்" என்றான், இந்தப் பகுதியை அவனுக்குப் படித்துக் காட்டியபோது. அந்த வாக்கியத்தை அப்படியே போடச் சொன்னான், போட்டிருக்கிறேன்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், மற்ற வழிகளையெல்லாம் முயன்று, பிள்ளையின் உயிர் தெருவிலேயே போய்விடும் என்ற இடத்துக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு. இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தேதிவாரியாக எழுதத் தொடங்குங்கள். ஏ.பி. 1424 படிவத்தை நிரப்பிக் காரில் வைத்திருங்கள். 5150 நள்ளிரவில்தான் நடக்கும், அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வராது. மருத்துவர் தகவல் சொல்ல மறுத்தால் சண்டையிடாதீர்கள். உங்கள் தாளை வாங்கிக்கொள்ளும்படி கேளுங்கள். விசாரணை அலுவலர் வீட்டுக்கு வருமுன், அந்த ஒரு கேள்விக்கான பதிலைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்தக் கையெழுத்தை அம்மாவிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தம்பியின் கன்சர்வேட்டர்ஷிப் மூன்றாம் ஆண்டோடு முடிந்தது. நீட்டிக்க வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இப்போது சொந்த விருப்பத்தில் அதே விடுதியில் இருக்கிறான். ஊசிக்குத் தானே பேருந்தில் போய்வருகிறான். பின்கட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மிதிவண்டிகளைப் பழுதுபார்த்துத் தருகிறான். விடுதியை நடத்தும் பெண்மணிக்கு எழுபத்தொரு வயது. கட்டுப்படியாகவில்லை, அடுத்த வேனிலுக்குள் வீட்டை விற்றுவிடப் போகிறேன் என்று போன மாதம் எங்களை அழைத்துச் சொன்னார். கவுண்டியில் காலியிடம் உள்ள விடுதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு இடங்களில் பெயர் பதிந்திருக்கிறோம். நான்கிலும் காத்திருப்புப் பட்டியல்தான்.